பென் டிரைவில் இருந்தால் வைரஸ் என்கிறது, டெஸ்க்டொப்பில் இருந்தால் பேசாமல் இருக்கிறது. இந்த ஃபைலை நம்பலாமா?

ஜம்பட்டா_அச்சகம்

வணக்கம். கொட்டாஞ்சேனையில் ஒரு சின்ன அச்சகத்தில் டைப்செட்டிங் செய்கிறேன். கல்யாணக் கார்ட், மரண அறிவித்தல், 31ஆம் நாள் கல்வெட்டு (நினைவு மலர்), கோயில் நோட்டீஸ் என்று எல்லாம் தமிழ் வேலை. என் கை பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவின் கீபோர்ட் அடுக்குக்குப் பழகிவிட்டது. (வேறு கீபோர்டுக்கு மாறச் சொல்லி யாரும் அறிவுரை தர வேண்டாம், ப்ளீஸ்.) அதனால் பாமினி மாதிரித் தட்டினால் யூனிகோடில் விழும் ஒரு குட்டிப் புரோகிராமைப் பாவிக்கிறேன். ஒரே ஒரு எக்ஸ்இ ஃபைல், இன்ஸ்டோல் செய்யக்கூடத் தேவையில்லை.

முதலாளி புதுக் கொம்பியூட்டர் ஒன்று எடுத்துத் தந்தார், விண்டோஸ் 11. பழைய மெஷினிலிருந்து அந்த ஃபைலைப் பென் டிரைவில் கொண்டுவந்து செருகினேன். உடனே விண்டோஸின் சொந்த அன்டிவைரஸான டிஃபென்டர் சிவப்புக் கட்டம் காட்டி ஃபைலைத் தூக்கிவிட்டது. ட்ரோஜன், வாகாடாக், கடைசியில் எம்எல் என்று ஏதோ பெயர் போட்டிருந்தது. என் மெயிலில் அதே ஃபைல் சுருக்கிய சிப் ஃபைலாக இருந்தது, அதை டெஸ்க்டொப்பில் விரித்தேன். அங்கே ஒரு சத்தமும் இல்லை, நன்றாக வேலை செய்கிறது.

வைரஸா, இல்லையா? சனிக்கிழமைக்குள் ஒரு கல்வெட்டு முடித்துக் கொடுக்க வேண்டும். கெதியாகச் சொன்னால் புண்ணியம்.

சும்மா_ஒருவன்

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? டிஃபென்டர் ட்ரோஜன் என்றால் ட்ரோஜன்தான். அழித்துவிட்டு வேறு ஒன்றை இறக்குங்கள். தமிழ்க் கீபோர்டுக்கா பஞ்சம்?

வெள்ளவத்தை_நெட்

அவசரப்பட வேண்டாம் தங்கச்சி. ஃபைலை இப்போதைக்கு ஓட விடாமல் வையுங்கள், ஆனால் அழிக்கவும் வேண்டாம்.

சும்மா_ஒருவனுக்கு ஒரு பழைய கதை. 2010 ஏப்ரல் 21, மெக்காஃபி அன்டிவைரஸ் அன்றைய அப்டேட்டை அனுப்பியது. அதில் இருந்த ஒரு பிழையால் விண்டோஸ் எக்ஸ்பியின் சொந்த எஸ்விசி-ஹோஸ்ட் ஃபைலையே (பின்னணிச் சேவைகளை ஓட்டுவது அதுதான்) வைரஸ் என்று பிடித்துத் தூக்கியது. அது இல்லாமல் விண்டோஸ் ஓடாது. உலகம் முழுக்க ஓஃபிஸ்களில் மெஷின்கள் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகி, நெட்வேர்க்கும் போய்க் கிடந்தன. அன்டிவைரஸ் சொல்வது ஒரு சாட்சி, அவ்வளவுதான். தீர்ப்பை நாம்தான் எழுத வேண்டும்.

இனி உங்கள் ஃபைலுக்கு வருவோம். அந்தப் பெயரின் வாலில் இருக்கும் எம்எல் என்பது மெஷின் லேர்னிங். அதாவது டிஃபென்டரிடம் இந்த ஃபைலின் அடையாளம் பதிவாக இருந்து பிடிக்கவில்லை, "இதன் தோற்றம் கெட்டதுகளைப் போல இருக்கிறது" என்று ஊகித்திருக்கிறது. ஊகம் பல நேரம் சரியாக வரும். ஆனால் தமிழ்த் தட்டச்சுக் கருவி என்றால் நான் இரண்டு தடவை பார்ப்பேன். காரணம், நீங்கள் எந்த விண்டோவில் தட்டினாலும் அந்த எழுத்தை இடையில் மறித்து வாங்கி, மாற்றித் திருப்பிக் கொடுப்பதுதான் அந்தக் கருவியின் வேலை. கடவுச்சொல் திருடும் கீலொக்கரும் முதல் பாதியில் இதையேதான் செய்கிறது. அதோடு இந்த மாதிரிக் குட்டிக் கருவிகள் பல ஓட்டோஹொட்கீ என்ற ஸ்கிரிப்ட் மொழியில் எழுதி எக்ஸ்இ ஆக்கப்பட்டவை, டிஜிட்டல் ஒப்பமும் இருக்காது. ஊகிக்கும் இயந்திரத்துக்கு இதெல்லாம் சேர்ந்தால் போதும்.

நீங்கள் செய்ய வேண்டியது இது. டெஸ்க்டொப்பில் உள்ள ஃபைலின் ஷா-256 ஹாஷை எடுங்கள், அது ஃபைலின் கைரேகை மாதிரி. பவர்ஷெல்லைத் திறந்து கெட்-ஃபைல்ஹாஷ் கட்டளையை அடித்து, ஓர் இடைவெளி விட்டு, ஃபைலை அந்த விண்டோவுக்குள் இழுத்துப் போட்டு என்டர் தட்டினால் 64 எழுத்து நீளத்தில் ஒன்று வரும். அதைக் கொப்பி பண்ணி, பல அன்டிவைரஸ்களின் முடிவையும் ஒரே இடத்தில் காட்டும் வைரஸ்டோட்டல் தளத்தின் தேடும் பெட்டியில் ஒட்டுங்கள். ஃபைலை ஏற்ற வேண்டாம், ஹாஷை மட்டும் தேடுங்கள். எத்தனை பேர் பிடித்தார்கள் என்பதோடு, என்ன பெயரில் பிடித்தார்கள், முதலில் எந்த ஆண்டு அங்கே வந்தது என்பதையும் பார்த்து எழுதுங்கள்.

ஜம்பட்டா_அச்சகம்

செய்தேன் அண்ணா. 71இல் 9 சிவப்பு. பெயர்கள்: ஜெனரிக், ஹியூரிஸ்டிக், சஸ்பீஷியஸ், அன்சேஃப், இன்னொன்று வெறுமனே மலிஷியஸ். காஸ்பர்ஸ்கி, ஈசெட், பிட்டிஃபென்டர் எல்லாம் பச்சை. முதலில் வந்தது 2019 என்று இருக்கிறது. எழுதியவரின் பக்கத்தில் போட்டிருக்கும் ஹாஷும் இதுவும் எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான்.

9 பேர் சொன்னால் பயமாகத்தானே இருக்கும்?

கணக்கு_அக்கா

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். ஹாஷை மட்டும் தேடுங்கள், ஃபைலை ஏற்ற வேண்டாம் என்றீர்களே, ஏன்? எங்கள் ஓஃபிஸில் சந்தேகமான மெயில் வந்தால் இணைப்பை அப்படியே அங்கே ஏற்றிப் பார்ப்பதுதான் வழக்கம். கிளையன்ட்டின் எக்செல், பிடிஎஃப் எல்லாம் இதில் அடங்கும்.

வெள்ளவத்தை_நெட்

அக்கா, அந்த வழக்கத்தை இன்றோடு நிறுத்துங்கள். வைரஸ்டோட்டல் 2004இல் ஸ்பெயினில் தொடங்கியது, 2012இல் கூகுள் வாங்கியது. அதில் ஏற்றும் ஃபைல், சோதிக்கும் அன்டிவைரஸ் கம்பனிகளுக்குப் போகும். காசு கட்டிச் சந்தா வைத்திருக்கும் ஆய்வாளர்களும் அதைத் தரவிறக்கலாம். அந்தச் சேவை நடப்பதே அப்படிப் பகிர்வதால்தான், ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை, அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். புரோகிராம் ஃபைலுக்கு அது பிரச்சினை இல்லை. சம்பளப் பட்டியலுக்கு? 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை உங்கள் ஓடிட் பார்ட்னர் கையில் எடுத்தால் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஹாஷ் அப்படி இல்லை. அதிலிருந்து ஃபைலைத் திருப்பி எடுக்க முடியாது. எனி-ரன் மாதிரி ஓட்டிக் காட்டும் தளங்களிலும் கவனமாக இருங்கள். இலவசக் கணக்கில் போடுவது பொதுவில் எல்லார் கண்ணுக்கும் தெரியும்.

அச்சகத் தங்கச்சிக்கு: 9 என்பது பயப்படும் எண் இல்லை. ஒன்பது பேரில் ஒருவர்கூடக் குடும்பப் பெயர், அதாவது இது இன்ன வைரஸ் வகை என்று, சொல்லவில்லை என்பதைக் கவனித்தீர்களா? உண்மையான திருடன் என்றால், அதுவும் 2019 தொடக்கம் உலாவுகிறவன் என்றால், இத்தனை வருடத்தில் இன்ன குடும்பம் என்று பெயர் விழுந்திருக்கும், எண்ணிக்கையும் ஏறியிருக்கும். என் கணிப்பு: இது பிழையாகப் பிடிபட்ட நல்ல ஃபைல். முழுவதுமாக நம்ப இன்னொரு சோதனை இருக்கிறது, பின்னேரம் எழுதுகிறேன்.

மொரட்டுவை_பெடியன்

எல்லாரும் ஃபைலையே பார்க்கிறீர்கள். எனக்குத் தலைப்புத்தான் இடிக்கிறது.

அதே ஃபைல். பென் டிரைவில் இருந்தால் டிஃபென்டர் பாய்கிறது, டெஸ்க்டொப்பில் இருந்தால் வாயே திறக்கவில்லை. ஏன்? டிஃபென்டருக்குப் பென் டிரைவ் என்றும் டெஸ்க்டொப் என்றும் பேதம் கிடையாதே. அச்சக அக்கா, விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, வைரஸ் பாதுகாப்புப் பகுதிக்குப் போய், செட்டிங்ஸில் கீழே எக்ஸ்க்லூஷன்ஸ் என்று ஒன்று இருக்கும். அதில் என்ன இருக்கிறது?

ஜம்பட்டா_அச்சகம்

ஒரே ஒரு வரி இருக்கிறது தம்பி. சி டிரைவ்.

வேறு ஒன்றும் இல்லை, வெறும் சி, முக்காற்புள்ளி, சாய்கோடு.

மொரட்டுவை_பெடியன்

நினைத்தேன்.

வெள்ளவத்தை_நெட்

ஐயோ.

தெரியாதவர்களுக்கு: எக்ஸ்க்லூஷன்ஸ் பட்டியலில் இருக்கும் இடத்தை டிஃபென்டர் பார்க்காது. முழு சி டிரைவையும் அதில் போட்டால் கொம்பியூட்டரில் அன்டிவைரஸ் இல்லை என்றுதான் அர்த்தம், ஐக்கொன் மட்டும் பச்சையாகச் சிரித்துக்கொண்டு இருக்கும். தங்கச்சி, மெஷினை வாங்கிய இடத்தில் விண்டோஸ், ஃபொட்டோஷொப், இன்டிசைன் எல்லாம் "போட்டுத்" தந்தார்களா?

ஜம்பட்டா_அச்சகம்

ஓம். எல்லாம் போட்டுத்தான் தந்தார்கள். கடைப் பெயர் வேண்டாம், முதலாளிக்குத் தெரிந்த ஆட்கள்.

வெள்ளவத்தை_நெட்

பெயர் வேண்டவே வேண்டாம், இது ஒரு கடையின் பழக்கம் இல்லை. லைசென்ஸ் இல்லாத விண்டோஸை அக்டிவேட் செய்ய ஒரு கருவியை ஓட்டுவார்கள். டிஃபென்டர் அதை ஹாக்டூல் என்று பிடிக்கும். பிடிக்காமல் இருக்க முதலில் எக்ஸ்க்லூஷன் போடுவார்கள். ஒழுங்கான ஆள் என்றால் அந்த ஒரு ஃபோல்டரை மட்டும் போடுவான். அவசரக்காரன் சி டிரைவையே போட்டுவிட்டு, அடுத்த மெஷினுக்குப் போய்விடுவான்.

இப்போது கேள்வியே மாறிவிட்டது. உங்கள் கீபோர்ட் ஃபைலைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. இந்த மெஷின் வந்த நாளிலிருந்து காவல் இல்லாமல் கிடந்திருக்கிறது, வாடிக்கையாளர்களின் பென் டிரைவ்களும் அதில் போய்வந்திருக்கும். உள்ளே வேறு என்ன குந்தியிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

முதலில் நெட் கேபிளைக் கழற்றுங்கள், வைஃபையை நிறுத்துங்கள். இங்கே போனில் இருந்து எழுதுங்கள். பிறகு டாஸ்க் மனேஜரைத் திறந்து டீட்டெய்ல்ஸ் பக்கத்துக்குப் போங்கள். மேலே தலைப்பு வரிசையில் ரைட் கிளிக் செய்து, காட்டும் பத்திகளில் இரண்டைச் சேருங்கள்: இமேஜ் பாத் நேம், கமாண்ட் லைன். முதலாவது, ஃபைல் எந்த ஃபோல்டரில் இருந்து ஓடுகிறது என்று சொல்லும். இரண்டாவது, என்ன கட்டளையோடு ஓடுகிறது என்று சொல்லும். சி டிரைவில் விண்டோஸ், புரோகிராம் ஃபைல்ஸ் இரண்டுக்கும் வெளியே இருந்து ஓடுகிற எல்லாவற்றையும் எழுதுங்கள்.

ஜம்பட்டா_அச்சகம்

பெரும்பாலும் தெரிந்தவைதான். வட்ஸ்அப், குரோமின் ஏதோ, ஒன்டிரைவ். ஆனால் எஸ்விசி-ஹோஸ்ட் என்று நிறைய ஓடுகிறது, அதில் ஒன்று மட்டும் யூசர்ஸ், என் பெயர், ஆப்டேட்டா, ரோமிங், அதற்குள் ஒரு ஃபோல்டரில் இருந்து ஓடுகிறது. மற்றவை எல்லாம் சிஸ்டம்32.

மொரட்டுவை_பெடியன்

யூசர் நேம் பத்தியில் உங்கள் பெயர் இருக்கிறதா? உண்மையான எஸ்விசி-ஹோஸ்ட் என்றால் சிஸ்டம், லோக்கல் சேர்விஸ், நெட்வேர்க் சேர்விஸ் இந்த மூன்றில் ஒன்றுதான் இருக்க வேண்டும். உங்கள் பெயர் இருந்தால் போலி.

வெள்ளவத்தை_நெட்

அது விண்டோஸ் 7 காலத்துக் கணக்கு தம்பி. விண்டோஸ் 10 தொடக்கம் ஒவ்வொரு பயனருக்கும் தனியாக ஓடும் சேவைகள் வந்துவிட்டன. நல்ல எஸ்விசி-ஹோஸ்ட் சிலதும் உங்கள் பெயரிலேயே ஓடும். உன் மெஷினிலேயே பார், இருக்கும். பெயரை வைத்துப் பிடித்தால் நல்லதையும் கொன்றுவிடுவாய்.

பிடிக்க வேண்டியது இடத்தை. எஸ்விசி-ஹோஸ்ட்டுக்கு வீடு சிஸ்டம்32, 32-பிட் வடிவத்துக்கு சிஸ்வாவ்64. வேறு எங்கே இருந்தாலும் வந்தேறி. நல்லதை எழுப்பி விடுவது சேர்விசஸ் என்கிற புரோகிராம், கமாண்ட் லைனில் சிறிய கே என்ற எழுத்தோடு ஒரு குழுப் பெயர் இருக்கும்.

தங்கச்சி, அந்த ஃபைலின் ஹாஷை எடுத்துப் போனில் தேடுங்கள். 64 எழுத்தையும் தட்டுவது கரைச்சல், மன்னிக்கவும்.

ஜம்பட்டா_அச்சகம்

தட்டினேன். தட்டுவதுதானே தொழில். :)

72இல் 0. முழுக்கப் பச்சை. ஃபைலின் புரொப்பர்ட்டீஸிலும் பார்த்தேன், டிஜிட்டல் சிக்னேச்சர் பக்கம் இருக்கிறது, ஒப்பம் சரி என்று சொல்கிறது. அப்போ இது நல்லதா? 9 வந்த கீபோர்டை நல்லது என்றீர்கள், 0 வந்ததைக் கெட்டது என்றா சொல்லப் போகிறீர்கள்?

சும்மா_ஒருவன்

72 அன்டிவைரஸும் ஒரே குரலில் நல்லது என்கிறது, கையெழுத்தும் இருக்கிறது. இதற்கு மேல் என்ன வேண்டும்? சும்மா ஆளைப் பயப்படுத்தாதீர்கள்.

வெள்ளவத்தை_நெட்

ஒப்பம் யாருடையது?

ஜம்பட்டா_அச்சகம்

மைக்ரோசொஃப்ட் இல்லை. ஓட்டோஇட் கன்சல்டிங் என்று இருக்கிறது. டீட்டெய்ல்ஸ் பக்கத்தில் ஒரிஜினல் ஃபைல்நேம் என்ற இடத்திலும் ஓட்டோஇட்3 என்றுதான் இருக்கிறது.

மொரட்டுவை_பெடியன்

ஆஹா.

வெள்ளவத்தை_நெட்

இதுதான் விஷயம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், இந்த வித்தையை நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள்.

ஓட்டோஇட் என்பது நல்ல, பழைய, இலவச மென்பொருள். விண்டோஸில் செய்யும் வேலைகளை ஸ்கிரிப்ட் எழுதித் தானாக நடத்துவதற்கு. அந்த ஓட்டோஇட்3 எக்ஸ்இ, ஸ்கிரிப்டை வாசித்து அதன்படி செய்யும், அவ்வளவுதான். அதில் கெட்டது ஒன்றும் இல்லை, 72 பேரும் சொன்னது உண்மை. ஆனால் ஒருவன் அந்த நல்ல எக்ஸ்இயை எடுத்து, எஸ்விசி-ஹோஸ்ட் என்று பெயர் மாற்றி, பக்கத்தில் தன் கெட்ட ஸ்கிரிப்டை வைத்து, "இதை வாசி" என்று ஓட விடுகிறான். பெயரை மாற்றினால் ஹாஷ் மாறாது. ஒப்பம் ஃபைலின் உள்ளே இருப்பதால் அதுவும் கெடாது. லொறியும் சரி, டிரைவரின் லைசென்ஸும் சரி, பின்னால் ஏற்றியிருப்பதுதான் கள்ளச் சாமான். நாம் இவ்வளவு நேரமும் லொறியின் நம்பர் பிளேட்டைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இது புதுசும் இல்லை. ரெட்டடப் என்று ஒரு புழு (தானே பரவும் கெட்ட புரோகிராம்), பென் டிரைவ் மூலம் பரவியது, இதே ஓட்டோஇட் வித்தையைத்தான் பாவித்தது. 2019இல் பிரெஞ்சு ஜென்டார்மரி பொலிஸும் அவாஸ்ட் நிறுவனமும் சேர்ந்து அதன் கட்டளை சேர்வரைக் கைப்பற்றி, எட்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட கொம்பியூட்டர்களில் அது தன்னைத்தானே அழித்துக்கொள்ளும்படி செய்தார்கள். உங்களிடம் இருப்பது அதுதான் என்று நான் சொல்லவில்லை, வித்தை அதே வித்தை.

ஒப்பத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒப்பம் சொல்வது "இது இன்னாரிடமிருந்து வந்தது, வழியில் யாரும் திருத்தவில்லை" என்பதை மட்டும். நல்லதா கெட்டதா என்று அது சொல்வதில்லை. 2017இல் கொம்பியூட்டரைத் துப்புரவாக்கும் சிகிளீனர் புரோகிராமின் 5.33 பதிப்பு, கம்பனியின் செல்லுபடியான ஒப்பத்தோடு, கம்பனியின் சொந்த சேர்வரில் இருந்தே, உள்ளே பின்கதவோடு (திருடன் நுழைய ரகசிய வழியோடு) வெளிவந்தது. இருபது லட்சத்துக்கு மேற்பட்டோர் இறக்கிவிட்டார்கள். ஸ்டக்ஸ்நெட் என்ற புழுவும் ரியல்டெக் கம்பனியிடமிருந்து திருடிய ஒப்பத்தோடுதான் வந்தது.

ஆகவே தங்கச்சி, இப்போது பார்க்க வேண்டியது கமாண்ட் லைன் பத்தியை. அந்த வரியில் எஸ்விசி-ஹோஸ்ட் பெயருக்குப் பின்னால் என்ன இருக்கிறது?

ஜம்பட்டா_அச்சகம்

அதே ஃபோல்டரில் இருக்கும் இன்னொரு ஃபைலின் பெயர். அர்த்தமில்லாத எழுத்துகள், முடிவில் ஏ3எக்ஸ்.

அதன் ஹாஷையும் தேடினேன். 61இல் 34. இந்த முறை ஜெனரிக் இல்லை அண்ணா, வோர்ம், ஓட்டோஇட் என்று பல கம்பனி ஒரே மாதிரிப் பெயர் போட்டிருக்கிறது.

இன்னொன்றும் கண்டேன். தம்பி சொன்னபடி எக்ஸ்ப்ளோரரில் ஃபைல் எக்ஸ்டென்ஷன், ஹிடன் ஃபைல் இரண்டையும் காட்டச் சொல்லிவிட்டு, நேற்றுப் பாவித்த கடைப் பென் டிரைவைப் பார்த்தேன். "கார்ட் டிசைன்" என்ற ஃபோல்டர் இரண்டு இருக்கிறது. ஒன்று மங்கலாக, உண்மையானது. மற்றது ஃபோல்டர் படம் போட்ட ஷோர்ட்கட்.

மொரட்டுவை_பெடியன்

அந்தப் பென் டிரைவை எங்கே செருகிப் பார்த்தீர்கள்? :(

எப்படியும், ஷோர்ட்கட்டில் ரைட் கிளிக் செய்து புரொப்பர்ட்டீஸில் டார்கெட் பெட்டியைப் பாருங்கள். இரட்டைக் கிளிக் வேண்டவே வேண்டாம்.

ஜம்பட்டா_அச்சகம்

அதே மெஷினில்தான், அது ஏற்கெனவே நோயாளிதானே. டார்கெட்டில் சிஎம்டி என்று தொடங்கி நீளமாகப் போகிறது. நடுவில் அந்த எஸ்விசி-ஹோஸ்ட் பெயர், கடைசியில் என் உண்மையான ஃபோல்டரைத் திறக்கும் கட்டளை.

வெள்ளவத்தை_நெட்

அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. கிளிக் செய்தால் ஃபோல்டர் ஒழுங்காகத் திறக்கும், உள்ளே டிசைன் இருக்கும், வேலை நடக்கும். புழு ஏறியது தெரியவே தெரியாது.

முன்பெல்லாம் பென் டிரைவைச் செருகினாலே ஓட்டோரன் (செருகியதும் தானாக ஓட விடும் வசதி) மூலம் ஏறிவிடும், 2008இல் வந்த கொன்ஃபிக்கர் புழு அந்த வழியையும் பாவித்தது. விண்டோஸ் 7இலிருந்து மைக்ரோசொஃப்ட் பென் டிரைவுக்கு அதை மூடியது, 2011இல் எக்ஸ்பிக்கும் விஸ்டாவுக்கும் அப்டேட்டாகக் கொடுத்தது. பிறகு புழுக்காரர்கள் ஷோர்ட்கட்டுக்கு மாறினார்கள். இப்போது அவர்களுக்கு நம் கிளிக் ஒன்று தேவை, ஃபோட்டோகொப்பிக் கடையிலும் அச்சகத்திலும் அது தாராளமாகக் கிடைக்கிறது.

சும்மா_ஒருவன்

சரி, கெட்டதுதான், ஒத்துக்கொள்கிறேன். அந்த ஃபோல்டரை அழித்து, எக்ஸ்க்லூஷனை எடுத்து, டிஃபென்டர் ஓஃப்லைன் ஸ்கான் ஒன்று போட்டால் முடிந்ததே? இதற்கும் ஃபோர்மட் என்று மட்டும் சொல்லாதீர்கள். கடைக்காரர் வேலையும் பார்க்க வேண்டும்.

வெள்ளவத்தை_நெட்

வீட்டில் பிள்ளைகள் கேம் விளையாடும் மெஷின் என்றால் நீங்கள் சொன்னதையே நானும் சொல்வேன். ஓட்டோரன்ஸ் கருவியைப் போட்டு, மைக்ரோசொஃப்டின் சொந்தப் பதிவுகளை மறைத்துவிட்டு, தொடக்கத்தில் எழும்புவதில் வேறு என்ன இருக்கிறது என்று பார்த்து வெட்டிவிட்டு, ஓஃப்லைன் ஸ்கானும் போட்டால் பெரும்பாலும் சரிவரும்.

இங்கே எனக்கு இரண்டு தடை. இந்த மெஷினில் முதலாளி வங்கி வேலை பார்க்கிறாரா என்று தெரியவில்லை, அனேகமாகப் பார்ப்பார். மற்றது, முழு சி டிரைவும் கண்மூடிக் கிடந்த காலத்தில் இந்த ஒரு புழு மட்டும்தான் வந்தது என்று நான் எப்படிச் சொல்வேன்? அக்டிவேட் செய்த கருவியே என்ன செய்தது என்று யாருக்குத் தெரியும்? கண்ட ஒன்றை அழிப்பது சுலபம். காணாததற்கு யார் பொறுப்பு?

நான் என்றால் இப்படிச் செய்வேன். வேலை ஃபைல்களை மட்டும் வெளியே எடுப்பேன், அதாவது டிசைன், வேர்ட், பிடிஎஃப், படம். எக்ஸ்இ, ஷோர்ட்கட், ஸ்கிரிப்ட் ஒன்றும் வேண்டாம். வேறு ஒரு சுத்தமான மெஷினில் மைக்ரோசொஃப்ட் தளத்தில் இருந்தே இன்ஸ்டலேஷன் பென் டிரைவ் செய்து, டிஸ்க்கை முழுதாக அழித்துப் புதிதாக விண்டோஸ் போடுவேன், காசு கொடுத்து வாங்கிய லைசென்ஸோடு. வங்கி, மெயில் கடவுச்சொற்களை இன்றைக்கே, அந்த மெஷினில் அல்ல, போனில் இருந்து மாற்றச் சொல்லுங்கள். மெயில் செட்டிங்ஸில் "எல்லா இடத்திலும் வெளியேறு" என்பதையும் அழுத்தட்டும். கடவுச்சொல்லை மாற்றினாலும் பழைய லொகின் சில இடங்களில் உயிரோடு இருக்கும்.

கணக்கு_அக்கா

லைசென்ஸுக்குக் காசு என்றதும் முதலாளி முகம் மாறும். ஒரு கணக்குச் சொல்லுங்கள் அவருக்கு: அது வியாபாரச் செலவு, புத்தகத்தில் எழுதலாம். வங்கிக் கணக்கில் இருந்து காணாமல் போகும் காசை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று எனக்கே தெரியாது.

ஜம்பட்டா_அச்சகம்

முதலாளியிடம் அக்கா சொன்னதை அப்படியே சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை, பிறகு வங்கிக்கு ஃபோன் எடுத்தார். கணக்கில் பிரச்சினை ஒன்றும் இல்லையாம். மெஷினைத் துடைத்துப் புதிதாகப் போட்டாயிற்று, எக்ஸ்க்லூஷன்ஸ் பட்டியல் இப்போது வெறுமையாக இருக்கிறது. பென் டிரைவ்களையும் மச்சான் ஒருவரின் லினக்ஸ் லப்டொப்பில் போட்டு, ஷோர்ட்கட்டுகளை அழித்து, ஃபோல்டர்களை மீட்டுத் தந்தார். கல்வெட்டைப் பழைய மெஷினில் அடித்து முடித்தேன்.

இனி என் கீபோர்டுக்கு வாருங்கள். இன்னொரு சோதனை இருக்கிறது என்றீர்களே அண்ணா?

வெள்ளவத்தை_நெட்

மறக்கவில்லை. அது ஓட்டோஹொட்கீயில் செய்தது என்றால் உள்ளே இருக்கும் ஸ்கிரிப்டை வாசித்தே பார்க்கலாம். சுருக்கிய ஃபைல்களைத் திறக்கும் 7-சிப் இருக்கிறதா? எக்ஸ்இயை இரட்டைக் கிளிக் செய்யாமல், ரைட் கிளிக் செய்து 7-சிப்பில் ஆர்க்கைவாகத் திறவுங்கள். உள்ளே ஆர்எஸ்ஆர்சி என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் ஆர்சிடேட்டா, அதற்குள் ஓட்டோஹொட்கீ ஸ்கிரிப்ட் என்ற பெயரில் ஒன்று இருந்தால் அதை வெளியே எடுத்து நோட்பேடில் போடுங்கள். எழுதியவர் சுருக்கியோ மறைத்தோ இருந்தால் வாசிக்க முடியாது. அப்படி மறைத்திருந்தால் அதுவே ஒரு கேள்வி.

ஜம்பட்டா_அச்சகம்

இருந்தது! நோட்பேடில் திறந்தால் என் தொழிலே வரிசையாகக் கிடக்கிறது. ஜே தட்டினால் த, கே தட்டினால் ம, எஃப் தட்டினால் க. அப்புறம் பி வந்தால் முன்னாலுள்ள எழுத்துக்கு இகர விசிறி, அரைப்புள்ளி வந்தால் மெய்க்குப் புள்ளி. கீழே எஃப்12 அழுத்தினால் தமிழை நிறுத்து என்று ஒரு வரி. நெட்டுக்குப் போகிற மாதிரியோ, எங்காவது ஃபைலில் எழுதுகிற மாதிரியோ ஒன்றும் காணவில்லை. அதைப் பார்க்க எனக்குத் தெரியுமா என்பது வேறு கதை, முழுவதையும் தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன்.

வெள்ளவத்தை_நெட்

வாசித்தேன், சுத்தம். வெளியே தொடர்பு எடுக்கும் கட்டளை ஒன்றும் இல்லை. தட்டியதைச் சேமிக்கும் இடமும் இல்லை. எழுத்தை மாற்றுகிறது, திருப்பித் தருகிறது, அத்தோடு சரி. தாராளமாகப் பாவியுங்கள். இந்த முறை எக்ஸ்க்லூஷன் தேவைப்பட்டால் அந்த ஒரு ஃபைலுக்கு மட்டும் போடுங்கள். ஃபோல்டருக்கு வேண்டாம்.

மொரட்டுவை_பெடியன்

எக்ஸ்க்லூஷனும் போடாமல் இன்னொரு வழி இருக்கிறது. மைக்ரோசொஃப்டுக்கே ஃபைலை அனுப்பி, "பிழையாகப் பிடித்திருக்கிறாய்" என்று முறையிடலாம், அதற்கென்று தனிப் பக்கம் வைத்திருக்கிறார்கள். அவர்கள் பார்த்துச் சரி என்றால் டிஃபென்டரின் அடுத்த அப்டேட் ஒன்றில் எல்லாருக்கும் நீங்கும். எழுதியவர் ஒப்பம் வாங்கிப் போட்டாலும் தொல்லை குறையும், ஆனால் அந்தச் சான்றிதழுக்கு வருடா வருடம் டொலரில் கட்ட வேண்டும். இலவசமாகத் தருகிறவரிடம் அதைக் கேட்க எனக்கு மனம் வராது.

கணக்கு_அக்கா

பென் டிரைவே வாங்காமல் விட்டால் என்ன? வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லலாமே.

ஜம்பட்டா_அச்சகம்

வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் குறைந்து, அச்சில் முகமே தெரியாது அக்கா. டொகியுமென்டாக அனுப்பத் தெரிந்தவர்கள் பாதிப் பேர்தான். மற்றவர்களுக்கு பென் டிரைவ்தான், மச்சானின் லப்டொப் வழியாக.

மைக்ரோசொஃப்டுக்கு ஃபைலை அனுப்பிவிட்டேன். பதில் வந்தால் இங்கே போடுகிறேன்.

மொரட்டுவை_பெடியன்

டொகியுமென்டாக வருவதிலும் பெயரின் வாலைப் பாருங்கள். பிடிஎஃப் என்று எழுதி, அதற்குப் பின்னால் இன்னொரு புள்ளியும் எக்ஸ்இயும் இருந்தால் திறக்க வேண்டாம். எக்ஸ்டென்ஷன் காட்டுவதைப் புது விண்டோஸிலும் போட்டீர்கள்தானே? அது தானாக வராது.

ஜம்பட்டா_அச்சகம்

போட்டாயிற்று.